கடவுளுக்குத் தெரியும்; நமக்குத் தெரியுமா?

இரண்டாம் ஆண்டு மாணவி, மின்னியல் பிரிவு, பள்ளிப்பட்டு



பரீட்சை ஹாலுக்கு வெளியே நிற்கும்போது நம்மில் பாதிப் பேர் சொல்லும் வார்த்தை ஒன்று உண்டு. “எல்லாம் கடவுள் விட்ட வழி.” ரிசல்ட் வந்த பிறகு வார்த்தை மாறிவிடும். பாஸானால் “நான் நல்லா எழுதினேன்”. அரியர் விழுந்தால் “என் தலையெழுத்து”. ஜெயித்தால் நான், தோற்றால் விதி! இது எந்த ஊர்க் கணக்கு?

சிரிப்புக்காக இதைக் கேட்கவில்லை. இதற்குள் பெரிய கேள்வி ஒன்று ஒளிந்திருக்கிறது. எத்தனையோ அறிஞர்கள் மண்டையை உடைத்துக்கொண்ட கேள்வி. நாம் டிப்ளமோ மாணவர்கள்தானே, நமக்கு எதற்கு இந்தத் தத்துவமெல்லாம் என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். நம்மைப் போன்றவர்களுக்குத்தான் இது ரொம்ப அவசியம் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

கேள்வி இதுதான்

கடவுள் எல்லாம் அறிந்தவர் என்று நம்புகிறோம். எல்லாம் என்றால் நடந்தது மட்டுமல்ல, நடக்கப் போவதும்தான். அப்படியானால் வருகிற பரீட்சையில் நான் கணக்குப் பேப்பரில் தேறுவேனா மாட்டேனா என்பது அவருக்கு இப்போதே தெரியும். அவர் அறிந்தது தவறவும் தவறாது. ‘ஃபெயில்’ என்று அவர் அறிந்திருந்தால் நான் தலைகீழாக நின்றாலும் பாஸாக முடியாது. ‘பாஸ்’ என்று அறிந்திருந்தால் நான் படிக்க வேண்டிய அவசியமே இல்லை. எப்படிப் பார்த்தாலும் படிப்பு வீண்!

இன்னும் ஒரு படி மேலே போங்கள். திருடன் திருடுவான் என்பதும் அவருக்கு முன்பே தெரிந்ததுதான். அவனால் திருடாமல் இருக்க முடியாது என்றால் அவனுக்கு ஏன் தண்டனை? நல்லவனுக்கு ஏன் பாராட்டு? கோயில், மசூதி, சர்ச் எல்லாவற்றிலும் “இதைச் செய், அதைச் செய்யாதே” என்று சொல்வது யாருக்காக?

ஆக, எல்லாம் அறிந்த கடவுள் ஒரு பக்கம். சுயமாக முடிவெடுக்கும் மனிதன் இன்னொரு பக்கம். இரண்டும் ஒரே வீட்டில் குடியிருக்க முடியுமா?

எங்கள் வீட்டில் இந்தக் கேள்வி

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பாவுக்குத் தறி. அவருடைய அப்பாவுக்கும் தறி. நான் பத்தாவது பாஸானதும் பாலிடெக்னிக்குக்கு அப்ளிகேஷன் போடலாமா என்று பேச்சு வந்தது. சொந்தக்காரர் ஒருவர் என் ஜாதகத்தைக் கொண்டுபோய் எங்கேயோ காட்டிவிட்டு வந்தார். “இந்தப் பொண்ணுக்குப் படிப்பு எழுதலை. காலாகாலத்துல கல்யாணத்தை முடிச்சிடுங்க” என்று பதில். பாட்டியும், “இன்னா பண்றது பாப்பா, ஆண்டவன் எழுதினதை அழிக்க நம்மால ஆவுமா?” என்றாள். நம்ம ஊரில் தெலுங்கு பேசும் வீடுகளிலும் “தலராத” என்றுதான் சொல்வார்கள். மொழி ரெண்டு, எழுத்து ஒண்ணு!

அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “எழுதினவன் எழுதியிருக்கட்டும். அதைப் படிச்சுக் காட்ட இவங்க யாரு?”

அதற்கு யாரிடமும் பதில் இல்லை. நான் இன்று இந்த மலரில் எழுதுகிறேன். அம்மா கேட்டது எவ்வளவு பெரிய கேள்வி என்பது அப்புறம் லைப்ரரியில் புத்தகங்களைப் புரட்டியபோதுதான் புரிந்தது.

நூல்கண்டு சொன்னவர்கள்

“எல்லாம் முன்பே முடிவானது, முயற்சியால் ஒன்றும் ஆகாது” என்று ஒளிவுமறைவு இல்லாமல் சொன்ன ஒரு கூட்டம் இந்த நாட்டில் இருந்தது. அவர்கள்தான் ஆசீவகர்கள். புத்தர், மகாவீரர் காலத்தில் வாழ்ந்த மக்கலி கோசாலர் அவர்களுடைய தலைவர். பீகாரில் கயாவுக்குப் பக்கத்தில் பராபர் குன்றுகளில் அசோகர் அவர்களுக்குக் குகைகளைக் கொடுத்தார். அந்தக் குகைகளும் கல்வெட்டுகளும் இன்றைக்கும் இருக்கின்றன. தமிழ்நாட்டிலும் ஆசீவகர்கள் இருந்தார்கள். மணிமேகலையும் நீலகேசியும் அவர்களுடைய கொள்கையை எடுத்துப் பேசி வாதம் செய்கின்றன.

கோசாலர் சொன்னதாகப் பௌத்த நூல்கள் ஓர் உவமையைக் குறிக்கின்றன. நூல்கண்டை உருட்டி விட்டால் நூல் உள்ள மட்டும் அது பிரிந்துகொண்டே போய்த் தானாக நிற்கும். அதுபோல ஒவ்வோர் உயிரும் தனக்கு விதித்த பிறவிகளை ஓடி முடித்தே தீரும். இடையில் நல்லது செய்தாலும் கெட்டது செய்தாலும் நூலின் நீளம் கூடாது, குறையாது. தறிக்கார வீட்டுப் பெண்ணான எனக்கு இந்த உவமை சட்டென்று புரிந்தது. ஆனால் ஒரு சந்தேகம். கண்டு உருண்டால் நூல் பிரியும், சரி. துணி யார் நெய்வது?

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. ஆசீவகர்கள் இந்த நியதியை நடத்த ஒரு கடவுளைச் சொல்லவில்லை. அதாவது கடவுள் இல்லாமலேயே விதி வரும்! நம்ம வகுப்பில் “எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை, இந்தப் பிரச்சினையும் இல்லை” என்று சொல்லும் நண்பர்களும் தப்பிக்க முடியாது. 1814-ல் பிரெஞ்சு விஞ்ஞானி லாப்லாஸ் ஒரு கற்பனை செய்தார். உலகத்தில் உள்ள ஒவ்வொரு துகளும் எங்கே இருக்கிறது, எந்த விசை அதைத் தள்ளுகிறது என்று தெரிந்த ஓர் அறிவு இருந்தால், அதற்கு எதிர்காலம் முழுவதும் கண்முன்னே தெரியும் என்றார். கடவுள் இருந்த நாற்காலியில் கணக்கு வந்து உட்கார்ந்துவிட்டது, அவ்வளவுதான். இருபதாம் நூற்றாண்டின் குவாண்டம் இயற்பியல் அந்தக் கணக்கைக் கொஞ்சம் ஆட்டி வைத்தது உண்மை. ஆனால் எலக்ட்ரான் எங்கே போகும் என்று சொல்ல முடியாது என்பதால் எனக்குச் சுதந்திரம் வந்துவிடாது. சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவெடுப்பதற்குப் பெயர் சுதந்திரம் இல்லையே!

தெரிவதும் செய்விப்பதும் ஒன்றா?

நான் புரிந்துகொண்ட முதல் விஷயத்துக்கு வருகிறேன். “கடவுளுக்குத் தெரியும்”, “கடவுள் எழுதிவிட்டார்”, “கடவுள்தான் செய்விக்கிறார்” என்று மூன்று வாக்கியங்கள் இருக்கின்றன. நாம் இவற்றை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். மூன்றும் வேறு வேறு.

மழைக்காலத்தில் ஆந்திராவில் கிருஷ்ணாபுரம் அணை நிரம்பித் திறந்தால் நம்ம கொசஸ்தலை ஆற்றில் வெள்ளம் வரும். வெள்ளம் வருமுன் எச்சரிக்கை வரும். எச்சரிக்கை வந்ததாலா வெள்ளம் வந்தது? பஞ்சாங்கத்தில் போட்டதாலா கிரகணம் பிடித்தது? முன்கூட்டித் தெரிவது வேறு, நடக்க வைப்பது வேறு.

“தண்ணீருக்கும் நிலாவுக்கும் மனசு இல்லை, மனுஷனுக்கு இருக்கே” என்று கேட்பீர்கள். நியாயம்தான். அப்படியானால் நம்ம அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரை எடுத்துக்கொள்வோம். அதில் ‘பிரசன்ட்’ என்று இருப்பதால் நீங்கள் வகுப்புக்கு வந்தீர்களா? நீங்கள் வந்ததால் ‘பிரசன்ட்’ விழுந்ததா? (பிராக்ஸி கொடுக்கும் நண்பர்கள் இந்தக் கேள்வியைச் சாய்ஸில் விட்டுவிடலாம்!) கடவுளின் அறிவும் அப்படிப்பட்ட ரிஜிஸ்டர்தான். நான் செய்வதால் அவர் அறிகிறார். அவர் அறிவதால் நான் செய்வதில்லை. நான் வேறு மாதிரி செய்யப் போகிறவளாக இருந்தால் அவரும் வேறு மாதிரிதான் அறிந்திருப்பார்.

“ரிஜிஸ்டர் வந்த பிறகு எழுதுவது. கடவுள் வருவதற்கு முன்பே எழுதுகிறாரே?” இதுதான் இந்தக் கேள்வியின் முடிச்சு. இதை அவிழ்க்கப் பார்த்தவர் போயித்தியஸ் என்ற ரோமானிய மந்திரி. ஏறத்தாழ கி.பி. 524-ல் மரண தண்டனைக்காகச் சிறையில் காத்திருந்தபோது அவர் எழுதிய நூலில் இதைப் பேசுகிறார். கடவுளுக்கு ‘முன்பு’, ‘பின்பு’ என்பதே கிடையாது, எல்லாக் காலமும் அவருக்கு ஒரே பார்வையில் தெரிகிறது என்பது அவர் வாதம். 13-ம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் இன்னும் எளிமையாகச் சொன்னார். சாலையில் நடப்பவனுக்குப் பின்னால் வருகிறவன் தெரியமாட்டான். உயரத்தில் நின்று பார்ப்பவனுக்கோ சாலையில் போகும் எல்லோரும் ஒருசேரத் தெரிவார்கள்.

இதற்கு நாம் வெளிநாடு போக வேண்டாம். டிசம்பர் 31 இரவு திருத்தணி மலையில் படித்திருவிழா பார்த்திருப்பீர்கள். 365 படி என்பார்கள். ஏறுகிறவனுக்கு முன்னால் போகிறவன் முதுகு மட்டும் தெரியும். மேலே நிற்பவருக்கு முதல் படியில் கால் வைப்பவனும், நடுவில் மூச்சு வாங்குபவனும், உச்சிக்கு வந்துவிட்டவனும் ஒரே நேரத்தில் தெரிவார்கள். அவர் பார்ப்பதால் யாருடைய காலும் தானாக ஏறவில்லை. ஏறுவது ஏறுகிறவனின் கால்தான்.

சோம்பேறி வாதம்

சரி, ‘பாஸ்’ என்று தெரிந்திருந்தால் படிக்காமலே பாஸ்தானே? இந்தக் குறும்புக் கேள்வியைப் பழைய கிரேக்கர்களே கேட்டிருக்கிறார்கள். அவர்கள் இதற்கு வைத்த பெயர் ‘சோம்பேறி வாதம்’. “நோய் தீரும் என்று விதி இருந்தால் வைத்தியர் எதற்கு? தீராது என்று விதி இருந்தாலும் வைத்தியர் எதற்கு?” என்பது அந்த வாதம். கி.மு. 3-ம் நூற்றாண்டில் கிரிசிப்பஸ் என்பவர் பதில் சொன்னார். நோய் தீரும் என்பது மட்டும் தனியாக நிற்பதில்லை, வைத்தியரை அழைப்பதும் அதோடு சேர்ந்துதான் வருகிறது என்றார்.

நம்ம பாஷையில் சொன்னால், கடவுள் ‘பாஸ்’ என்று ஒற்றை வார்த்தையை அறிந்திருப்பதில்லை. ‘இவள் ராத்திரி உட்கார்ந்து படித்தாள், பாஸானாள்’ என்று முழு வாக்கியத்தையும் அறிந்திருக்கிறார். முதல் பாதியை வெட்டிவிட்டு இரண்டாம் பாதியை மட்டும் கேட்டால் எப்படிக் கிடைக்கும்?

இதே கருத்து முஸ்லிம் நண்பர்களிடமும் உண்டு. இறைவனின் ஏற்பாட்டை, அதாவது கத்ரை நம்புவது அவர்களுக்கு ஈமானின் ஒரு பகுதி. அதே சமயம், ஒட்டகத்தைக் கட்டிப் போட்டுவிட்டு அப்புறம் இறைவனை நம்பு என்று நபிகள் நாயகம் சொன்னதாக ஹதீஸும் உண்டு. கட்டுவது நம்ம வேலை.

ஸ்ரீபெரும்புதூர்க்காரர் சொன்ன பதில்

இன்னொரு கேள்வி மிச்சம் இருக்கிறது. கடவுள் மேலே நின்று வேடிக்கை பார்ப்பவர் மட்டும் இல்லையே, அவர்தானே எல்லாவற்றையும் இயக்குகிறார்? அவன் அசையாமல் அணுவும் அசையாது என்றால் என் கையை அசைப்பதும் அவர்தானே?

இதற்குப் பதில் சொன்னவர் ராமானுஜர். மரபுப்படி 1017-ல் நம்ம பக்கத்து ஸ்ரீபெரும்புதூரில் பிறந்தவர். ஸ்ரீபாஷ்யத்தில் இதை அவர் விளக்கும் விதம் நம்ம ஊர்த் தாலுகா ஆபீஸ் கேஸ் மாதிரியே இருக்கிறது. இரண்டு பேருக்குப் பொதுவான சொத்து. அதை ஒருவர் மூன்றாவது ஆளுக்குக் கொடுக்க நினைக்கிறார். மற்றவர் சம்மதம் இல்லாமல் கொடுக்க முடியாது. சம்மதம் வாங்கிக் கொடுத்தாலும், கொடுத்தது யார்? கேட்டவர்தான். பலனும் அவருக்குத்தான். அதுபோல முதல் முயற்சி உயிருடையது. கடவுள் சம்மதம் கொடுக்கிறார், சம்மதம் கொடுத்து நடத்தியும் வைக்கிறார். இப்படி இல்லையென்றால் சாஸ்திரம் “செய், செய்யாதே” என்று சொல்வதற்கே அர்த்தம் இருக்காது என்பது அவர் வாதம்.

கூட்டுப் பட்டாவில் கையெழுத்துப் போட்டவர்களுக்கு இது நன்றாகப் புரியும். கடவுளின் கையெழுத்து இல்லாமல் பத்திரம் செல்லாது. ஆனால் பத்திரம் எழுதிக்கொண்டு போக வேண்டியது நாம்!

“கெட்டது நடக்கும் என்று தெரிந்தே இந்த உலகத்தை ஏன் படைத்தார்?” என்று சிலர் கேட்பார்கள். அது கடவுளின் கருணையைப் பற்றிய கேள்வி. நாம் இங்கே பேசுவது அவருடைய அறிவைப் பற்றி. இரண்டையும் சேர்த்துக் கட்டினால் இரண்டும் அவிழாது.

திருத்தணிக்காரர் சொன்ன பதில்

1888 செப்டம்பர் 5-ல் திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணனை ஆசிரியர் தினத்தன்று மட்டும் நினைக்கிறோம். 1908-ல், தமது 20-வது வயதில், எம்.ஏ. படிப்புக்காக அவர் எழுதிய ஆய்வு எதைப் பற்றித் தெரியுமா? வேதாந்தத்தில் ஒழுக்கத்துக்கு இடம் இருக்கிறதா என்பதைப் பற்றி. “எல்லாம் கர்மா என்பவர்களுக்குப் பொறுப்பு என்று ஒன்று எப்படி இருக்கும்?” என்ற மாதிரியான விமர்சனங்கள் அப்போது இருந்தன. அதற்கு ஒரு மாணவர் எழுதிய பதில் அது. நம்மைவிட இரண்டே வயது மூத்தவர்!

பின்னால் 1926-ல் ஆக்ஸ்போர்டில் பேசும்போது அவர் சீட்டாட்டத்தை உதாரணம் காட்டினார். கைக்கு வரும் சீட்டை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. அது பழைய வினை. அதை வைத்து எப்படி ஆடுவது என்பது நம்ம இஷ்டம்.

எனக்குச் சீட்டாடத் தெரியாது. தறி தெரியும். பாவு வேறொருவர் கொடுத்து வருவது. அதன் நீளம், நிறம், இழை எதையும் அப்பா முடிவு செய்வதில்லை. ஊடை ஓட்டுவது அப்பா கை. ஒரே பாவில் ரெண்டு பேர் நெய்தாலும் துணி ஒரே மாதிரி இருக்காது. நான் எந்த வீட்டில் பிறந்தேன் என்பது பாவு. நான் என்ன படிக்கிறேன் என்பது ஊடை.

பாவையே மாற்றிய கதையும் நம்ம ஊரில் உண்டு. 1953-ல் ஆந்திரா தனி மாநிலமானபோது திருத்தணியும் பள்ளிப்பட்டும் சித்தூர் மாவட்டத்தோடு அந்தப் பக்கம் போயின. “நம்ம விதி” என்று யாரும் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. ம.பொ.சி. முதலானோர் வடக்கெல்லைப் போராட்டம் நடத்தினார்கள். படாஸ்கர் பேச்சுவார்த்தை நடத்தி வைத்தார். 1959-ல் சட்டம் வந்தது. 1960 ஏப்ரல் 1 அன்று நாம் சென்னை மாநிலத்துக்கு வந்தோம். கேட்டதெல்லாம் கிடைக்கவில்லை, திருப்பதி ஆந்திராவிலேயே நின்றது. முயற்சி என்றால் நினைத்ததெல்லாம் நடக்கும் என்று அர்த்தம் இல்லை. முயற்சி இல்லாமல் நடந்திருக்காது என்று அர்த்தம்.

திருவள்ளுவரும் இரண்டையும் சொன்னவர்தான். 38-ம் அதிகாரத்தில் ஊழைவிட வலிமையானது ஏது என்று கேட்டவர், 62-ம் அதிகாரத்தில் தளராமல் உழைப்பவர் ஊழையே புறமுதுகு காட்டச் செய்வார் என்கிறார். சிலப்பதிகாரம் ஊழ்வினையின் காவியம் என்று படித்திருக்கிறோம். ஆனால் கண்ணகி “எல்லாம் ஊழ்” என்று அழுதுவிட்டு வீட்டுக்குப் போகவில்லையே! சிலம்பைக் கையில் எடுத்துக்கொண்டு பாண்டியன் சபைக்கு அல்லவா போனாள்!

பரிகாரம் எதற்கு?

இன்னொரு வேடிக்கையைப் பாருங்கள். வைத்தீஸ்வரன் கோயிலில் நாடி ஜோதிடம் பார்க்கப் போகிறவர்கள், தங்கள் வாழ்க்கை முழுவதும் ஓலையில் முன்பே எழுதப்பட்டிருக்கிறது என்று நம்பிப் போகிறார்கள். ஓலையைப் படித்த பிறகு என்ன நடக்கிறது? பரிகாரம் சொல்கிறார்கள்! எழுதினது மாறாது என்றால் பரிகாரம் எதற்கு? மாறும் என்றால் எழுதினது எப்படி விதி ஆகும்? “ஆண்டவன் எழுதினதை அழிக்க முடியுமா” என்று கேட்கும் பாட்டிகள்தான் ஆடிக் கிருத்திகைக்கு முருகனுக்குக் காவடி நேர்ந்துகொள்கிறார்கள். ஆக, நம்ம ஜனங்கள் வாயால் விதி பேசினாலும் காலால் மலை ஏறுகிறார்கள். அந்தக் காலைத்தான் நான் நம்புகிறேன்.

என் கருத்து

எல்லாம் அறிந்த கடவுளும் சுயமாக முடிவெடுக்கும் மனிதனும் ஒரே வீட்டில் தாராளமாகக் குடியிருக்கலாம். கடவுளின் அறிவு என் கையைப் பிடித்து இழுப்பதில்லை. இழுப்பவர்கள் வேறு ஆட்கள். “கடவுள் ஒருவருக்குத்தான் எல்லாம் தெரியும்” என்று சொல்லிக்கொண்டே, அவருடைய ரிஜிஸ்டரைத் தாங்கள் எட்டிப் பார்த்துவிட்டவர்கள் போல “உனக்கு இது எழுதலை” என்று தீர்ப்புச் சொல்பவர்கள். அது பக்தி இல்லை. கடவுளின் இடத்தில் தான் உட்காருவது. உண்மையான பக்திமான், நாளை நடப்பது தனக்குத் தெரியாது என்று ஒத்துக்கொள்பவன்.

இந்தத் தீர்ப்பு யார்மேல் வந்து விழுகிறது என்றும் பாருங்கள். வசதியான வீட்டுப் பிள்ளை ஃபெயிலானால் டியூஷன் வைப்பார்கள். நம்ம வீட்டுப் பிள்ளை ஃபெயிலானால் தலையெழுத்து என்பார்கள். பையன் படிக்கவில்லை என்றால் கண்டிப்பார்கள். பெண் நன்றாகப் படித்தாலும் ஜாதகம் பார்ப்பார்கள். 2022 செப்டம்பர் 5-ல் தமிழ்நாடு அரசு புதுமைப் பெண் திட்டத்தைத் தொடங்கியது. அரசுப் பள்ளியில் படித்து மேற்படிப்புக்கு வரும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய். எத்தனையோ பேருடைய ‘தலையெழுத்து’ அந்த 1000 ரூபாயில் மாறுகிறது என்றால், அது ஆண்டவன் எழுதியதா, இல்லை பஸ் பாஸும் ஃபீஸும் இல்லாமல் போனதா?

அதற்காக விதி என்ற சொல்லையே தூக்கி எறியச் சொல்லவில்லை. சாவு விழுந்த வீட்டில், “விதி முடிஞ்சு போச்சும்மா, உன்மேல தப்பில்லை” என்று ஒரு கிழவி சொல்லும்போது அந்தச் சொல் மருந்து. அதைப் பிடுங்க எனக்கு மனசு வராது. நான் கேட்பது ஒன்றே ஒன்று. அந்தச் சொல்லை நடந்து முடிந்ததற்குப் பின்னால் ஆறுதலாகச் சொல்லுங்கள். நடக்கப் போவதற்கு முன்னால் பூட்டாகப் போடாதீர்கள்.

தோழர்களே! நம்மில் பலர் வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்தவர்கள். நமக்குப் பின்னால் தம்பி, தங்கை, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நிற்கிறார்கள். அவர்களைப் பார்த்து யாராவது “எழுதலை” என்று சொன்னால் பேசாமல் இருந்துவிடாதீர்கள். “எங்கே, எழுதினதைக் காட்டுங்க, பார்ப்போம்” என்று மரியாதையாகக் கேளுங்கள்.

வரும் பரீட்சையில் என்ன நடக்கும் என்பது கடவுளுக்குத் தெரியும். தெரிந்திருக்கட்டும். நமக்குத் தெரியாது. தெரியாதவர்கள் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. புத்தகத்தைத் திறப்போம்!